மருந்துச் செடிக்கு எடை மட்டும் போதுமா?

நெல்லையும் நிலக்கடலையையும் எடை போட்டு விற்கிறோம். பருத்தியில் இழையின் நீளத்தைப் பார்க்கிறார்கள். கரும்பில் சர்க்கரைக் கட்டுமானத்தைப் பார்க்கிறார்கள். மருந்துச் செடிகளில் இந்தச் சோதனை இன்னும் கடுமையானது. மருந்து தயாரிக்கும் நிறுவனங்கள் மூட்டையிலிருந்து ஒரு பிடி இலையையோ வேரையோ எடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்புகின்றன. அதில் மருந்துச் சத்து எத்தனை சதவீதம் என்று தெரிந்த பிறகே சரக்கை ஏற்கின்றன.

ஒரே விதையை ஒரே பருவத்தில் விதைத்த இரண்டு விவசாயிகளில் ஒருவரது சரக்கு ஏற்கப்படுவதும், மற்றவரது சரக்கு திருப்பி அனுப்பப்படுவதும் உண்டு. இருவரும் ஒரே உரம்தான் இட்டிருப்பார்கள். ஒரே கிணற்று நீரைக்கூடப் பாய்ச்சியிருப்பார்கள். ஆயினும் ஒருவர் சரியான நாளில் பறித்து நிழலில் உலர்த்தியிருப்பார். மற்றவர் ஆள் கிடைத்த நாளில் பறித்து, வெயிலில் களத்தில் கொட்டியிருப்பார். பல மாத உழைப்பு கடைசிப் பத்து நாட்களில் வீணாகிவிடுகிறது. செலவில்லாமல் தவிர்க்கக்கூடிய இந்த இழப்பைப் பற்றி மருந்துச் செடி பயிரிடும் சிறு விவசாயிகள் தெரிந்துகொள்வது அவசியம்.

மருந்துச் சத்து என்பது என்ன?

ஒரு செடியின் இலையில் நார், மாவு, புரதம், நீர் ஆகியவையே பெரும்பகுதி. நோயைத் தணிக்கும் பொருள் அதில் மிகச் சிறிய பங்கே இருக்கும். செடி அதை நமக்காகத் தயாரிப்பதில்லை. பூச்சியிடமிருந்தும், பூசணத்திடமிருந்தும், மேயும் கால்நடையிடமிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ளவே தயாரிக்கிறது. எனவே அதன் அளவு செடியின் வயது, பாகம், பருவம் ஆகியவற்றைப் பொறுத்துக் கூடும், குறையும். இலையில் இருப்பது வேரில் இல்லாமல் போகலாம். பூக்கும் சமயத்தில் உச்சத்தில் இருப்பது, காய் முற்றும்போது பாதியாகலாம்.

இந்தச் சத்தை வெளியே எடுக்க இரண்டு முக்கிய வழிகள் உள்ளன. உலர்ந்த இலையைப் பொடித்து, நீரிலோ சாராயத்திலோ வேறு கரைப்பானிலோ ஊற வைத்து வடிப்பது ஒரு வழி. இப்படிக் கிடைப்பது சாறு. வாசனையுள்ள செடிகளுக்கு நீராவியைச் செலுத்தி, ஆவியுடன் வெளிவரும் எண்ணெயைக் குளிரவைத்துப் பிரிப்பது இன்னொரு வழி. இதுவே வாசனை எண்ணெய். சோதனைச்சாலையில் கிளெவெஞ்சர் என்னும் கண்ணாடிக் கருவியில் சிறிதளவு இலையை நீருடன் கொதிக்க வைத்து, அதில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று சில மணி நேரத்தில் அளந்துவிடலாம்.

நித்திய கல்யாணி தந்த மருந்து

நமது ஊர்களில் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்லப்படும் நித்திய கல்யாணியின் தாயகம் ஆப்பிரிக்காவை அடுத்த மடகாஸ்கர் தீவு. உலகின் பல பகுதிகளில் இதன் இலைக் கஷாயத்தைச் சர்க்கரை நோய்க்குக் குடித்து வந்தார்கள். 1950-களில் ஜமைக்காவிலிருந்து இந்த இலைகள் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் ராபர்ட் நோபிளுக்கு வந்து சேர்ந்தன. அவர் இலைச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை. ஆனால் சாற்றை ஊசி மூலம் செலுத்தியபோது எலிகளின் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்தன.

வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதே இரத்தப் புற்றுநோய். எனவே அவற்றைக் குறைக்கும் பொருள் எது என்று தேடினார்கள். சார்லஸ் பீர் என்ற வேதியியல் அறிஞருடன் சேர்ந்து 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்தார்கள். இதே செடியிலிருந்து வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு மருந்தும் அமெரிக்காவில் பிரிக்கப்பட்டது. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வின்கிரிஸ்டின் இன்றும் முக்கிய மருந்தாக இருக்கிறது. இச்செடியின் வேரில் அஜ்மாலிசின் என்ற வேறொரு ஆல்கலாய்டு உள்ளது. அது இரத்த ஓட்டம் சம்பந்தமான மருந்துகளில் பயன்படுகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு உண்டு. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை தேவைப்படும் என்று கூறப்படுகிறது. இவ்வளவு சிறிய அளவில் உள்ள பொருள், பாதுகாப்பில் சிறிது தவறினாலும் குறைந்துவிடும். தென் மாவட்டங்களின் மானாவாரிச் செம்மண் நிலங்களில் இது பயிராகிறது. ஆடு மாடு கடிப்பதில்லை, வறட்சியையும் தாங்கும். விதைத்த 6-ஆம் மாதத்திலும் 9-ஆம் மாதத்திலும் இலை பறிக்கலாம். 12-ஆம் மாதம் செடியைத் தரையிலிருந்து சுமார் 7.5 சென்டிமீட்டர் உயரத்தில் அறுத்துவிட்டு, நிலத்துக்கு நீர் பாய்ச்சி உழுது வேரை எடுக்க வேண்டும். வேரை மண் போகக் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். இலை, தண்டு, வேர் மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டக்கூடாது. ஒவ்வொன்றிலும் உள்ள சத்து வேறு. வாங்குபவரும் வேறாக இருக்கலாம்.

சூடு செய்யும் சேதம்

சரியாகப் பறித்தால் மட்டும் போதாது. பறித்த பின் படும் சூடும் சத்தைப் போக்கிவிடும். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு சீன நாட்டில் கிடைக்கிறது. மலேரியாவுக்கு மருந்து தேடி 1967-இல் அங்கே ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கப்பட்டது. நமது மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியைப் பழைய மருத்துவ நூல்கள் காய்ச்சலுக்குச் சொல்லியிருந்தன. ஆனால் அதைக் கொதிக்க வைத்து எடுத்த சாறு ஒரு சமயம் பலன் தந்தது. மறு சமயம் தரவில்லை.

து யூயூ என்ற பெண் விஞ்ஞானி, 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு மருத்துவ நூலை மீண்டும் படித்தார். அதில் செடியைக் கொதிக்க வைக்கும்படி சொல்லப்படவில்லை. நீரில் ஊற வைத்துப் பிழிந்து குடிக்கும்படியே சொல்லப்பட்டிருந்தது. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்த அவர், 35 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும் ஈதரைக் கொண்டு 1971-இல் சாறு எடுத்தார். அந்தச் சாறு எலிகளிடம் மலேரியாக் கிருமிகளை முற்றிலும் ஒழித்தது. ஆர்ட்டிமிசினின் என்ற அந்த மருந்துக்காக 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. செடி பழைய செடிதான். எடுத்த விதம் மாறியதும் மருந்து கிடைத்தது.

நமது மல்லிகை விவசாயிகளுக்கு இது புதிய செய்தி அல்ல. மல்லிகை மொட்டை விடியலிலேயே பறிக்கிறோம். வெயில் ஏறினால் வாசனை போய்விடும். நீராவியின் சூட்டையும் மல்லிகை தாங்காது. எனவேதான் சத்தியமங்கலம் போன்ற இடங்களில் உள்ள ஆலைகளில் மல்லிகையைக் கரைப்பானில் ஊற வைத்து, மெழுகு போன்ற வாசனைப் பொருளை எடுக்கிறார்கள். பூவுக்குக் காட்டும் இந்த அக்கறையை மருந்து இலைக்கும் காட்ட வேண்டும்.

நிலாவாரை: நிழலே காவல்

திருநெல்வேலியின் பெயரை உலக மருந்துச் சந்தையில் நிலைநிறுத்திய பயிர் நிலாவாரை. வெளிநாட்டு வணிகர்கள் இதைத் 'தின்னவேலி சென்னா' என்றே அழைக்கிறார்கள். தென் மாவட்டங்களில் இதை அவுரி என்றும் சொல்கிறார்கள். நீலச் சாயம் எடுக்கும் அவுரி வேறு. மலச்சிக்கலைப் போக்கும் இதன் சத்தை 1941-இல் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஸ்டோல் குழுவினர் பிரித்தெடுத்து, சென்னோசைடு என்று பெயரிட்டார்கள். இன்று மருந்துக் கடைகளில் விற்கும் பல பேதி மாத்திரைகளில் இருப்பது இதுவே.

நல்ல இலையில் சென்னோசைடு 2.5 சதவீத அளவில் இருக்க வேண்டும் என்று பொதுவாக எதிர்பார்க்கிறார்கள். இதைக் கணக்காகப் பார்ப்போம். 2.5 சதவீதம் உள்ள இலை 100 கிலோ இருந்தால் அதில் இரண்டரைக் கிலோ சத்து உள்ளது. 1.5 சதவீதம் மட்டுமே உள்ள இலையில் இதே இரண்டரைக் கிலோவைப் பெற 167 கிலோ இலை வேண்டும். கூடுதல் 67 கிலோவுக்கும் சாக்கு, வண்டிக் கூலி, கரைப்பான், எரிபொருள் எல்லாம் ஆலைக்குச் செலவு. எனவே அவர்கள் விலையைக் குறைக்கிறார்கள் அல்லது சரக்கையே மறுக்கிறார்கள். சத்து குறைந்தால் நட்டம் விவசாயியின் தலையில்தான் விழுகிறது.

விதைத்த இரண்டு மாதத்தில், இலைகள் நன்கு விரிந்து தடித்து நீலம் கலந்த பச்சை நிறத்தில் இருக்கும்போது முதல் பறிப்பைச் செய்யலாம். பூங்கொத்துகளை அவ்வப்போது கிள்ளிவிட்டால் இலை அதிகம் கிடைக்கும். பிறகு ஏறக்குறைய ஒரு மாத இடைவெளியில் அடுத்த பறிப்புகளைச் செய்யலாம். காய் வேண்டுமானால், அது முற்றிப் பழுப்பதற்கு முன், மஞ்சள் நிறம் ஏறும்போதே பறிக்க வேண்டும்.

பறித்த இலை உடனே செத்துவிடுவதில்லை. அதனுள் இருக்கும் நொதிகள் வேலை செய்துகொண்டே இருக்கும். இலையைக் குவியலாகப் போட்டால் புழுங்கிச் சூடேறி, சத்து சிதையும், பூசணமும் பிடிக்கும். கடும் வெயிலில் பரப்பினால் பச்சை நிறம் வெளுத்துச் சத்தும் குறையும். எனவே காற்றோட்டமுள்ள கொட்டகையில், சுத்தமான தரையிலோ தார்ப்பாய் மீதோ மெல்லிய படலமாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட வேண்டும். ஒரு வாரம் முதல் 10 நாட்களில் இலை காய்ந்துவிடும். நன்கு காய்ந்த இலை வெளிர் பச்சை நிறமாக இருக்கும். கையால் நொறுக்கினால் சலசலவென்று உடையும். கறுத்த இலையும் பழுத்த இலையும் தரத்தைக் குறைக்கும். தென்னங்கீற்றுக் கொட்டகை ஒன்று இருந்தால் போதும். இதற்கு இயந்திரம் எதுவும் தேவையில்லை.

எலுமிச்சைப்புல்: எண்ணெயே விளைச்சல்

வாசனைச் செடிகளில் சிறு விவசாயிகளுக்கு ஏற்றவற்றுள் எலுமிச்சைப்புல்லும் ஒன்று. கேரளத்தில் ஓடக்காலி ஆராய்ச்சி நிலையம் இந்தப் பயிரில் நீண்ட காலமாக ஆய்வு செய்து, ஓ.டி.19 என்னும் சுகந்தி ரகத்தை வழங்கியுள்ளது. இப்புல்லின் எண்ணெயில் முக்கால் பங்குக்கும் மேலாக இருப்பது சிட்ரால் என்ற பொருள். வாசனைத் தொழிலுக்கும், வைட்டமின் ஏ தயாரிப்புக்கும் இது மூலப்பொருள். சிட்ரால் பல பாக்டீரியாக்களையும் பூசணங்களையும் தடுக்கிறது என்று சோதனைச்சாலை ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. கொசு விரட்டும் பூச்சுகளிலும் இந்த எண்ணெயைச் சேர்க்கிறார்கள்.

நட்ட 90 நாட்களில் முதல் அறுவடையும், பிறகு 50 முதல் 60 நாட்களுக்கு ஒரு முறை மறு அறுவடையும் செய்யலாம். மழை பெய்த மறுநாள் அறுக்க வேண்டாம். 100 கிலோ புல்லில் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரையே எண்ணெய் கிடைக்கும். அறுத்த புல்லை ஒரு நாள் நிழலில் வாட விட்டு வடித்தால் கொப்பரையில் அதிகப் புல் கொள்ளும், விறகும் மிச்சமாகும். கொப்பரையின் அடித்தகட்டில் புல் படாதவாறு உள்ளே ஓட்டைத் தட்டு பொருத்த வேண்டும். புல் அடியில் தொட்டுக் கருகினால் எண்ணெய் முழுவதும் தீய்ந்த வாடை வீசும். துருப்பிடித்த இரும்புக் குழாய் எண்ணெயின் நிறத்தைக் கெடுக்கும். துருப்பிடிக்காத எஃகு நல்லது.

வடித்த எண்ணெயில் தங்கிய நீரை முற்றிலும் பிரித்துவிட வேண்டும். பிறகு காற்றுக்கு இடமில்லாமல் கழுத்து வரை நிரப்பி, வெளிச்சம் படாத இடத்தில் வைக்க வேண்டும். அரைகுறையாக நிரம்பிய பாத்திரத்தில் காற்றும் ஒளியும் சேர்ந்து சிட்ராலைக் குறைத்துவிடும். நல்ல விலை வரட்டும் என்று எண்ணெயை இருப்பு வைப்பவர்கள் இதை மறக்கக்கூடாது.

கண்வலிக் கிழங்கு: மருந்தும் இதுவே, நஞ்சும் இதுவே

நமது மாநில மலரான செங்காந்தளைத் தரும் கண்வலிக் கிழங்கு தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் பயிராகிறது. இதன் விதையில் உள்ள கோல்ச்சிசின் என்ற ஆல்கலாய்டு, கீல்வாதத்தில் ஒரு வகையான 'கவுட்' நோய்க்கு மருந்தாகிறது. பயிர் ஆராய்ச்சியிலும் இது உதவுகிறது. விதையில்லாத் தர்ப்பூசணி உருவாகக் கோல்ச்சிசினே வழி செய்தது.

காய்கள் இளம்பச்சையிலிருந்து கரும்பச்சையாக மாறி, தோல் சுருங்கத் தொடங்கும்போது பறித்து நிழலில் உலர்த்த வேண்டும். ஒளி பட்டால் கோல்ச்சிசின் மருந்துக் குணம் இல்லாத வேறு பொருளாக மாறக்கூடியது. இங்கும் நிழலே காவல்.

இந்தச் செடியின் எல்லாப் பாகங்களும் நஞ்சு. கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று தவறாக எண்ணிச் சமைத்து உண்டவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். உண்ட சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கும். எளிதில் கிடைக்கும் மாற்று மருந்து இதற்கு இல்லை; தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். சித்த மருத்துவர்களும் இக்கிழங்கைச் சுத்தி செய்யாமல் பயன்படுத்துவதில்லை. விதை, கிழங்கு இரண்டையும் உணவுப் பொருள்களோடு ஒரே அறையில் வைக்காதீர்கள். குழந்தைகளை விதை உடைக்கும் வேலையில் ஈடுபடுத்தாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகளைக் கழுவுங்கள்.

நீலகிரித் தைலம் போன்ற பழகிய எண்ணெய்களிலும் எச்சரிக்கை தேவை. ஆவி பிடிக்கவும் மேலே தடவவும் உதவும் அதைச் சிறு குழந்தை சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பு வரலாம். எலுமிச்சைப்புல் எண்ணெயையும் கலக்காமல் அப்படியே தோலில் தடவினால் எரிச்சலும் புண்ணும் உண்டாகும்.

ஆராய்ச்சிச் செய்தியை எப்படிப் படிப்பது?

'இந்த இலை புற்றுநோயைக் குணமாக்கும்' என்று அடிக்கடி செய்தி வருகிறது. செய்தி முழுவதையும் படித்தால், ஒரு கண்ணாடிக் குழாயில் புற்றுநோய் அணுக்கள் மீது சாறு பட்டு அவை இறந்தன என்றுதான் இருக்கும். குழாயில் உப்பு நீரும் அவற்றைக் கொல்லும். அங்கிருந்து விலங்குகளிடம் சோதனை, பிறகு மனிதர்களிடம் மூன்று கட்டச் சோதனை, பாதுகாப்பான அளவு கண்டறிதல் என்று பல ஆண்டுகள் செல்ல வேண்டும். பெரும்பாலான சாறுகள் பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன. நித்திய கல்யாணி இலையை வீட்டில் காய்ச்சிக் குடித்தால் அது புற்றுநோய் மருந்தாகிவிடாது. உடலுக்குக் கேடுதான் செய்யும். அந்த மருந்தை மருத்துவமனையில் மில்லிகிராம் கணக்கில் அளந்து, இரத்தத்தைச் சோதித்துக்கொண்டே செலுத்துகிறார்கள்.

இப்படிப்பட்ட செய்திகளைக் கையில் வைத்துக்கொண்டு கிராமத்துக்கு வருபவர்களிடம் விவசாயிகள் விழிப்பாக இருக்க வேண்டும். 'ஏக்கருக்கு லட்சக்கணக்கில் வருமானம். நாற்றை எங்களிடம் வாங்குங்கள். விளைந்ததை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்' என்பார்கள். நாற்று விற்ற பணத்தோடு அவர்களது வியாபாரம் முடிந்துவிடும். அறுவடைக் காலத்தில் தேடினால் ஆள் இருக்கமாட்டார். இவ்வாறு கிழங்கையும் இலையையும் வரப்பில் கொட்டிய விவசாயிகள் உண்டு. மருந்துப் பயிருக்கு உள்ளூர்ச் சந்தை கிடையாது. மிஞ்சினால் வீட்டுக்குச் சமைக்கவும் முடியாது. மாட்டுக்குப் போடவும் முடியாது.

பயிரிடும் முன்

மருந்துச் செடி பயிரிட விரும்புவோர் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. நாற்று வாங்கும் முன் விளைபொருளை வாங்குபவரை நேரில் பாருங்கள். அவரிடம் ஏற்கனவே விற்ற இரண்டு விவசாயிகளிடமாவது விசாரியுங்கள்.

2. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். விலை, வாங்கும் அளவு, சத்தின் சதவீதம், ஈரப்பதம், சோதனைச் செலவு யாருடையது, சரக்கு மறுக்கப்பட்டால் வண்டிக் கூலி யாருடையது ஆகிய அனைத்தும் அதில் வேண்டும்.

3. முதல் ஆண்டில் 10 அல்லது 20 சென்ட் நிலத்தில் மட்டும் பயிரிடுங்கள். உணவுப் பயிரை முழுவதும் கைவிட வேண்டாம்.

4. அறுவடையை ஒட்டிப் பூச்சிமருந்து தெளிக்காதீர்கள். மருந்து இலையில் நஞ்சு எச்சம் இருந்தால் சரக்கு முழுவதும் மறுக்கப்படும்.

5. களை, மண், பழுத்த இலை ஆகியவற்றை நீக்கி, புதிய சாக்கில் கட்டுங்கள். உரச் சாக்கையும் பூச்சிமருந்துச் சாக்கையும் பயன்படுத்தவே கூடாது.

6. மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். பறித்த தேதியை எழுதி ஒட்டுங்கள்.

7. விற்கும் முன், எல்லா மூட்டைகளிலிருந்தும் சிறிது சிறிதாக எடுத்துக் கலந்து ஒரு மாதிரி தயாரியுங்கள். அதை நீங்களே ஒரு சோதனைச்சாலைக்கு அனுப்புங்கள். சத்தின் அளவு உங்களுக்குத் தெரிந்திருந்தால் விலை பேசும்போது யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மற்றும் நறுமணப் பயிர்கள் துறையும், மாவட்டங்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களும் ரகத் தேர்வு, அறுவடை, உலர்த்துதல் பற்றிய ஆலோசனைகளை வழங்குகின்றன. நடவுக்கு முன்பே இவற்றை அணுகுவது நல்லது.

செடிக்குள் மருந்தை வைப்பது இயற்கையின் வேலை. அது என்ன மருந்து என்று கண்டறிவது ஆராய்ச்சியாளரின் வேலை. அந்த மருந்து களத்து வெயிலில் காற்றோடு போகாமல் மூட்டைக்குள் கொண்டு வந்து சேர்ப்பது விவசாயியின் கையில் இருக்கிறது. பறிக்கும் நாளையும் உலர்த்தும் நிழலையும் கவனித்தால், பட்ட பாட்டுக்கு உரிய விலையைக் கேட்டுப் பெறலாம்.